துரையின் பெயரும் தாயின் பெயரும்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம் நாட்டில் வழங்கிவரும் முதுமொழி. ஆயினும், தம் மூலத்தை ஆராய்ந்தே தீரவேண்டிய நிலை சிலருக்கு ஏற்படுகிறது. தென்னிந்தியாவில் இரயில் நிலையங்களையும் தங்கச் சுரங்கங்களையும் படைவீடுகளையும் ஒட்டி வாழ்ந்துவந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இத்தகையவை. ‘நம் முன்னோர் ஒருவர் சீமையிலிருந்து வந்த துரை’ என்னும் ஒற்றை வாக்கியமே அவற்றுள் பல குடும்பங்களுக்கு மிஞ்சிய சரித்திரம். அவ்வொரு வாக்கியத்தைப் பற்றிக்கொண்டு, அந்தத் துரை யார், எங்கே பிறந்தார், எப்போது கப்பலேறினார், யாரை மணந்தார் என்று கண்டறியும் வழி யாது? அவ்வழி எதுவரை செல்லும்? எவ்விடத்தில் அடைபட்டு நிற்கும்? இவற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழராகிய நமக்கும் இவ்வாராய்ச்சியில் ஒரு பாடம் உண்டு. அதனை முடிவிலே காண்போம்.

ஓர் ஊரை முன்வைத்துப் பேசினால் பொருள் எளிதில் விளங்கும். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாடும் கர்நாடகமும் ஆந்திரமும் ஒன்றையொன்று நெருங்கும் மூலையில் இருப்பது இராமகுப்பம். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் வட்டாரம் அது. 1864ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இரயில்பாதை திறக்கப்பட்டபோது அது குப்பத்தின் வழியாகவே சென்றது. மேற்கே சற்றுத் தொலைவில் கோலார் தங்கவயல் இருக்கிறது. ஆகவே இரயில்வேயில் பணிபுரிந்த வெள்ளையரும், சுரங்கத்தில் பணிபுரிந்த வெள்ளையரும் நடமாடிய வழியிலேயே இவ்வட்டாரம் அமைந்திருந்தது. இங்கே வாழ்ந்த ஒரு குடும்பத்தார் தம் துரைப் பாட்டனாரைத் தேடப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம்.

முதற்படி அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. தேடுவோர் பலர் செய்யும் பிழை, முதலிலேயே சீமைக்குக் கடிதம் எழுதுவது. தெரிந்த தலைமுறையிலிருந்து தெரியாத தலைமுறைக்கு ஒவ்வொரு படியாக ஏறுவதே முறை. தன் பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று, பாட்டனாரின் ஓய்வூதியத் தாள் என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். பழைய விவிலிய நூலின் முதற்பக்கத்தில் பிறந்த நாள்களைக் குறித்துவைப்பது அக்குடும்பங்களின் வழக்கம். போர்ப் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும்; வீரரின் பெயரும் படைப்பிரிவும் அங்கே பொறிக்கப்பட்டிருப்பது உண்டு. பெயர், காலம், இடம் என்னும் மூன்றும் சேர்ந்தாலன்றி எந்தப் பதிவேட்டின் கதவும் திறவாது.

இம்மூன்றனுள் மிகவும் ஏமாற்றுவது இடம். ஊர் நகராவிடினும் எல்லைகள் நகர்ந்துகொண்டே இருந்தன. 1801ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் நாட்டைக் கும்பெனியார் தம் ஆட்சியிற் கொண்டனர். அதன்பின் சித்தூர், வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராய் விளங்கியது. குப்பம் வட்டாரம் கங்குந்தி ஜமீனாக அந்த ஜில்லாவில் இருந்தது. 1911ஆம் ஆண்டிலேதான் சித்தூர் ஜில்லா தனியே பிறந்தது. 1953இல் அது ஆந்திர மாநிலத்திற் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எனவே, 1880இல் இராமகுப்பத்தில் இருந்த ஒருவரை இன்றைய மாவட்டப் பெயரைக் கொண்டு தேடினால் கிடைக்கமாட்டார். வட ஆர்க்காட்டில், சென்னை இராஜதானியில் தேட வேண்டும். அந்த இராஜதானி அரசாங்கத்தின் ஆவணங்கள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

எழுத்துக்கூட்டும் ஏமாற்றும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் இதை நாள்தோறும் காண்கிறோம். பழைய ஆங்கிலத் தாள்களில் திருப்பதி ‘டிரிப்பெட்டி’ ஆகிறது. திருப்பத்தூர் ‘டிரிப்பட்டூர்’ ஆகிறது. கையெழுத்து மங்கியிருந்தால் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடலாம். குப்பம் என்பதோ சிற்றூரைக் குறிக்கும் பொதுச்சொல். இராமகுப்பம், மாரிக்குப்பம் என்று அவ்வட்டாரத்திலேயே பல குப்பங்கள் உண்டு. கடற்கரை நெடுகிலும் குப்பங்கள் உண்டு. ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட ஊர்ப்பெயரை வாய்விட்டு உரக்கப் படித்துப் பார்ப்பது நல்லது. கண்ணுக்குப் புலப்படாத ஊர் பல வேளைகளில் காதுக்குப் புலப்படும்.

அடுத்து வருவது, துரை என்ன வேலை பார்த்தார் என்னும் கேள்வி. அரசாங்கம் எவரை எப்படிப் பதிந்தது என்பது அவருடைய வேலையைப் பொறுத்திருந்தது. கும்பெனியின் சிவில் உத்தியோகத்துக்கு ‘ரைட்டர்’ என்னும் எழுத்தராக வந்தவர், விண்ணப்பத்தோடு தம் ஞானஸ்நானச் சான்றையும் இணைத்தார். அவ்விண்ணப்பம் கிடைத்தால் அவர் பிறந்த ஊரும் தந்தையின் பெயரும் ஒருசேரக் கிடைக்கும். படை அதிகாரியாக வந்த இளைஞர்களுக்கும் இத்தகைய தாள்கள் உண்டு. உத்தியோகஸ்தர் பட்டியல்கள் ஆண்டுதோறும் அச்சாயின. சாதாரணச் சிப்பாய்க்கோ படைக்கணக்கில் ஒரு வரி மட்டுமே மிஞ்சும். இரயில்வேத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் ஊதியக் கணக்கிலும் ஆலயப் பதிவிலும் மட்டுமே தென்படுவர்.

‘துரை’ என்றால் இங்கிலாந்துக்காரர் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. இவ்வட்டாரத்து மக்கள் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்த தாமஸ் மன்றோ, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தவர். 1873இல் கோலாரில் தங்கம் தேட உரிமை கேட்ட மைக்கேல் பிட்ஜெரால்டு லவெல், அயர்லாந்து நாட்டுச் சிப்பாய். ஆர்க்காட்டுப் பகுதியில் சமயப்பணியும் மருத்துவப்பணியும் புரிந்த ஸ்கடர் குடும்பத்தார் அமெரிக்கர். நம் மக்களுக்கு எல்லோரும் ‘வெள்ளைக்காரத் துரை’யே. தேடுவோருக்கு இவ்வேற்றுமை உயிர்நாடி போன்றது. பிறப்பு இறப்புகளை அரசாங்கமே பதியும் வழக்கம் இங்கிலாந்தில் 1837இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் 1855இல், அயர்லாந்தில் 1864இல். அதற்கு முன் கோயிற்பற்றுப் பதிவேடுகளே கதி. அயர்லாந்திலோ 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, நூற்றாண்டுகளின் ஏடுகள் சாம்பலாயின. பிறந்த நாட்டில் சுவடு அழிந்துபோன ஒருவரைச் சென்னைப் பதிவேட்டிலே கண்டுபிடிக்க நேர்வதும் உண்டு.

ஆலயப் பதிவேடுகளே இத்தேட்டத்தின் முதுகெலும்பு. சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயம் 1680ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அங்கு நடந்த எலிஹு யேலின் திருமணம் அதன் பதிவேட்டில் முதல் திருமணமாக இடம்பெற்றது. 1753இல் இராபர்ட் கிளைவ் மணம்புரிந்ததும் அவ்வாலயத்திலேயே. சென்னை இராஜதானியின் ஆலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டுவந்தன. 1698 முதலான அப்பிரதிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதி கணினி வழியாகத் தேடும் வகையில் படமாக்கப்பட்டுள்ளது. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களை ஆராய்வதற்கென 1998இல் தொடங்கப்பெற்ற சங்கம் ஒன்று, தொண்டர்களைக் கொண்டு பெயர்ப் பட்டியல்களைத் தொகுத்துவருகிறது. துரை கத்தோலிக்கராயிருந்தால் கத்தோலிக்க ஆலயங்களின் ஏடுகளைத் தனியே நாட வேண்டும். அயர்லாந்துச் சிப்பாய்களுள் அம்மதத்தினர் பலர்.

ஏடு இல்லாதவிடத்துக் கல் பேசும். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் சிவில் அதிகாரி, சென்னை இராஜதானியின் கல்லறைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் உள்ள வாசகங்களைத் தொகுத்து 1905இல் வெளியிட்டார். பின்னாளில் சிதைந்தும் புதர்மூடியும் போன கற்கள் பலவற்றின் எழுத்துக்கள் அந்நூலில் உயிரோடு இருக்கின்றன. மரண சாசனங்களும் விதவையர் ஓய்வூதியக் கணக்குகளும் இத்தகைய துணைச்சான்றுகளே. ஆனால் பெயர் ஒத்துவிட்டது என்பதனாலேயே ஆளும் ஒத்துவிட்டது என்று கொள்ளலாகாது. ஸ்மித்துகளும் ஜோன்ஸுகளும் சென்னையில் எண்ணற்றோர். கர்னல் ஒருவரின் பெயரும் படையாள் ஒருவரின் பெயரும் ஒன்றாயிருந்தால், குடும்பத்தின் நெஞ்சம் கர்னலையே நாடும். சான்று பெரும்பாலும் படையாளிடமே கொண்டுபோய் விடும். இரண்டு வெவ்வேறு ஆவணங்கள் ஒன்றையொன்று தாங்கினாலன்றி எதையும் உறுதியென்று எழுதலாகாது.

இதுகாறும் சொன்ன வழியில் பொறுமையோடு சென்றால் துரையைப் பெரும்பாலும் கண்டுவிடலாம். ஆனால் அக்குடும்பத்துக்கு மூலமாய் நின்றவர் துரை ஒருவர் மட்டுமா? அவர் கரம்பற்றிய நம் நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள் அல்லவா? அவளைத் தேடப் புகும்போதுதான் வழி அடைபடுகிறது.

கல்கத்தா நகரத்தின் தொடக்கத்தோடு பேசப்படும் ஜாப் சார்னாக் என்பவரின் மூன்று பெண்மக்களுக்கு 1689இல் சென்னைப் புனித மேரி ஆலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. தந்தையின் பெயரை உலகம் அறியும். தாயோ இந்தியப் பெண். உடன்கட்டை ஏறவிருந்தவளை அவர் மீட்டார் என்று கதை வழங்குகிறது. கதை மிஞ்சியது, அவளுடைய இயற்பெயர் சரித்திரத்துக்குக் கிட்டவில்லை. பின்வந்த ஏடுகளிலும் இதே நிலைதான். இந்தியத் தாய்க்குப் பெரும்பாலும் புதிதாக இடப்பட்ட கிறிஸ்தவப் பெயர் ஒன்றே இருக்கும். அவள் தந்தை பெயர் இராது, ஊர் இராது. மரண சாசனங்களில் ‘என் வீட்டைக் கவனித்தவள்’ என்ற சொல்லுக்குள்ளே ஒருத்தியின் வாழ்நாள் முழுவதும் அடங்கிவிடும்.

இம்மறைவுக்குச் சட்டமும் காரணமாயிற்று. பெற்றோருள் ஒருவர் இந்தியராயிருந்தால் கும்பெனியின் சிவில் உத்தியோகத்திலும் படை அதிகாரத்திலும் சேரலாகாது என்று 1791இல் தடை வந்தது. 1795இல் தடை மேலும் இறுகியது. குழலூதுவோர், பறையறைவோர், இலாடம் அடிப்போர் போன்ற வேலைகளே படையில் அவர்களுக்கு எஞ்சின. தாயின் பெயரை வெளியிட்டால் மகனின் பிழைப்புப் போய்விடும் என்னும் நிலையில் எந்தக் குடும்பம் அப்பெயரைப் போற்றி வைக்கும்? ஏட்டில் விடுபட்ட தாய், வீட்டாரின் பேச்சிலும் விடுபட்டாள்.

அத்தகைய பிள்ளைகள் பலர் சென்னை எழும்பூரில் 1789இல் தொடங்கிய படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லத்தில் வளர்ந்தனர். அதனை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் கைக்கொண்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளிற் பரவியது. நம் மண்ணின் கல்விமுறைக்குச் சீமையில் பெயர் கிடைத்தது. அப்பள்ளியிற் பயின்ற பிள்ளைகளைப் பெற்ற நம் மண்ணின் தாய்மாருக்குப் பெயர் கிடைக்கவில்லை.

தாயின் சுவடு அழியாது நின்ற ஓர் அரிய குடும்பத்தையும் நாம் அறிவோம். ஜேம்ஸ் அக்கிலீஸ் கிர்க்பாட்ரிக், 1764இல் சென்னைக் கோட்டையில் பிறந்தவர். ஐதராபாத்தில் கும்பெனியின் ரெசிடெண்டாக இருந்தவர். அவர் அந்நகரத்து உயர்குலப் பெண் கைருன்னிசாவை இஸ்லாமிய முறைப்படி மணந்தார். அவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். 1805இல் இரு குழந்தைகளும் இங்கிலாந்துக்குச் செல்லச் சென்னையில் கப்பலேறினர். மகளுக்கு அப்போது வயது மூன்று. புறப்படுமுன் சின்னரி என்னும் ஓவியர் அவ்விருவரையும் சென்னையிலே சித்திரமாகத் தீட்டினார். அவ்வாண்டு அக்டோபரில் தந்தை கல்கத்தாவில் காலமானார். 1813இல் தாயும் மறைந்தாள். குழந்தைகள் மீண்டும் இந்தியாவைக் காணவேயில்லை.

கிட்டி என்று அழைக்கப்பட்ட அம்மகள், நடுவயதில், இங்கிலாந்தில் ஒரு வீட்டில் அச்சித்திரத்தைக் கண்டாள். அதன் வழியாக, ஐதராபாத்தில் தன் பாட்டி இன்னும் உயிரோடிருப்பதை அறிந்தாள். பேத்தி ஆங்கிலத்தில் எழுதினாள். பாட்டி பாரசீகத்தில் எழுதினாள். இடையே நின்று மொழிபெயர்த்தவர்களின் துணையால் ஆறாண்டுகள் அவ்வுறவு கடிதத்தில் வாழ்ந்தது. இக்குடும்பத்தின் கதையை வில்லியம் டால்ரிம்பிள் ஆராய்ந்து 2002இல் நூலாக எழுதினார். கும்பெனிக் கடிதங்களோடு, அப்பெண்ணின் உறவினரான ஷுஷ்தரி பாரசீகத்தில் எழுதிய நூலும் அவருக்குத் துணைசெய்தது. ஆங்கில ஏட்டை மட்டும் நம்பியிருந்தால் பாதிக் கதையே கிடைத்திருக்கும். தாயைத் தேடுவோர் தாயின் மொழியில் தேட வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை. இராமகுப்பத்துக் குடும்பத்தாரும் ஆங்கிலப் பதிவேட்டோடு நின்றுவிடாமல், தெலுங்கிலும் தமிழிலும் உள்ள ஜமீன் கணக்குகளையும் நிலப் பத்திரங்களையும், ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியையும் நாட வேண்டும்.

ஏடு கைவிட்ட இடத்தில் உடலே சான்று சொல்வதும் உண்டு. தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு மட்டுமே இறங்கிவரும் ஒருவகை மரபணுக் கூறு உளது. அதனை மகள் வழியாகவே தலைமுறைதோறும் பின்தொடரலாம். சூரத்தில் தியோடர் போர்ப்ஸ் என்னும் ஸ்காட்லாந்து வணிகரோடு வாழ்ந்த எலிசா கெவார்க்கின் வழித்தோன்றல்களை இவ்வாறு சோதித்தபோது, அவள் தாய்வழி இந்தியாவைச் சேர்ந்தது என்று தெரிந்ததாக 2013இல் அறிவித்தனர். பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம் அவள் வழிவந்தவர் என்பதால் அச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. ஆயினும் மரபணு நாட்டைச் சொல்லும்; பெயரைச் சொல்லாது.

இவ்வளவும் வெறும் ஆர்வத்தின் பொருட்டன்று. நம் அரசியல் சட்டத்தின் 366ஆம் பிரிவு ஆங்கிலோ-இந்தியர் யார் என்று வரையறுக்கும்போது, தந்தை வழியில் ஐரோப்பியர் இருந்தாரா என்றே கேட்கிறது. மக்களவையில் அவர்களுக்கிருந்த இரண்டு நியமன இடங்கள் 2020இல் முடிவுற்றன. வரையறை சட்டத்தில் இருக்கிறது. 1947க்குப் பின் கடல்கடக்க எண்ணிய குடும்பங்கள் பல, தந்தைவழிப் பாட்டனார் எங்கே பிறந்தார் என்பதற்கான காகிதத்தைத் தேடி அலைந்தன. ஒரே வீட்டில் சான்று கிடைத்த கிளை கப்பலேறியது. கிடைக்காத கிளை இங்கேயே தங்கியது. ஒரு காகிதம் உடன்பிறந்தாரைக் கடலுக்கு இருபுறமும் பிரித்துவைத்தது.

இனி, நம்மைப் பற்றியது. வெள்ளைத் துரையைப் பதிந்த அதே அரசாங்கம், கூலியாய்க் கப்பலேறிய தமிழரையும் பதிந்தது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஏறத்தாழ 1,52,000 பேரின் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலூகா, கிராமம் என்று கட்டம் கட்டி எழுதினர். வட ஆர்க்காட்டுக் கிராமங்கள் அவற்றில் நிறைய உண்டு. இன்று டர்பனில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் அப்பட்டியலைக் கையில் ஏந்தி, திரிந்துபோன எழுத்துக்கூட்டிலிருந்து தம் மூதாதையர் ஊரைத் தேடுகின்றனர். அங்கும் தந்தையின் பெயருக்குக் கட்டம் இருந்தது. தாயின் பெயருக்கு இல்லை.

பெங்களூரிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் நம்மை நோக்கி நாளை நம் பேரப்பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்கக்கூடும். அவர்களுக்கு நம் ஊரின் பெயர் தெரியாதிருக்கலாம். தமிழ் எழுத்தே படிக்கத் தெரியாதிருக்கலாம். குடும்ப அட்டையும் கடவுச்சீட்டும் சொல்பவை சில வரிகளே. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நாம் பிறந்த ஊர், அதன் தாலூகா, அன்றைய ஜில்லா, குலதெய்வம் இருக்கும் இடம், ஊரைவிட்டு வந்த ஆண்டு, வந்த காரணம் ஆகியவற்றைத் தமிழிலும் நாம் வாழும் மாநிலத்தின் மொழியிலும் எழுதிவைப்போமாக. தாயின் பெயர், தாயைப் பெற்ற பாட்டியின் பெயர், அவர்கள் பிறந்த ஊர் ஆகியவற்றை முதற்பக்கத்திலேயே எழுதுவோம். பாட்டியின் பெயர் நினைவுக்கு வரவில்லையென்றால், அதை அறிந்த பெரியவர் ஒருவர் எங்கேனும் இன்னும் இருக்கக்கூடும். இந்த வாரமே அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்போம்.